ஆக்சிஜன் செல் ஒன்றுக்கு இந்த விலையா? ஸ்கூபா சாமான்களின் விலைக்கணக்கு

#1 ஆழி35

ரீபிரீதரில் (விட்ட மூச்சின் கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து, மறுபடி மூச்சுவிடத் தரும் கருவி) போடுகிற, ஆக்சிஜனை அளக்கிற செல் ஒன்று 80 முதல் 100 டாலர் வரை போகிறது. ஒரு கருவிக்கு மூன்று வேண்டும். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு ஓடும், அப்புறம் குப்பை. உள்ளே இருப்பது ஒரு துண்டு ஈயம், கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், தங்க முலாம் பூசிய சின்னத் தகடு, அதன்மேல் ஒரு சவ்வு.

நல்ல ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருவது) 500 டாலரில் தொடங்குகிறது. எடைக்குப் போட்டால் ஒரு கிலோ சொச்சம் பித்தளை. டிரைசூட், அதாவது நீர்புகா உடை, 1500க்கு மேல். முழு ரீபிரீதர் 7000, 10000 என்று ஏறுகிறது.

"உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால்தான்" என்கிற பதில் எல்லாக் கடையிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அது வேண்டாம். பாகம் பாகமாகப் பிரித்து, எது உண்மையான செலவு, எது சும்மா ஏற்றிவைத்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வால்வுசாவி

ரெகுலேட்டரை எடுத்துக்கொள்கிறேன்.

சிலிண்டரில் மாட்டுகிற முதல் நிலை, வாயில் வைக்கிற இரண்டாம் நிலை என்று அதில் இரண்டு பகுதி. முதல் நிலையின் வேலை ஒன்றுதான். சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 50 பார் இருந்தாலும், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக ஹோஸுக்குள் விட வேண்டும். இதை இடையழுத்தம் என்போம். 200 பாரைத் தடுத்து நிறுத்துவது சில மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட விளிம்பும் அதன்மேல் உட்காரும் பிளாஸ்டிக் சீட்டும். அந்த விளிம்பில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலே போதும், காற்று கசிந்து இடையழுத்தம் மெல்ல ஏறும். 9.5இல் நிற்க வேண்டிய முள் 11, 12 என்று போகும். ஓர் அளவுக்கு மேல் இரண்டாம் நிலையின் ஸ்பிரிங் தாங்காமல் காற்று தானாகக் கொட்டும்.

சரி, அந்தத் துல்லியத்துக்குத்தான் விலையா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. டீசல் இன்ஜெக்டர் இதைவிட நுணுக்கமான வேலை, விலை இதில் ஒரு பங்குதான். அது லட்சக்கணக்கில் அடிக்கப்படுகிறது. ரெகுலேட்டர் மாடல் ஒன்று ஆண்டுக்குச் சில ஆயிரம் போனாலே நல்ல விற்பனை. தொழில்நுட்பமும் புதிதில்லை. 1943இல் எமில் கஞானும் கூஸ்தோவும் செய்தது, மரவாயுவில் ஓடும் கார்களுக்கான வால்வை நீருக்கடியில் மூச்சுவிடத் தோதாக மாற்றியதுதான்.

உற்பத்திக்கு வெளியே இருக்கிற செலவைப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்க இஎன் 250 என்கிற ஐரோப்பியத் தரச் சோதனையில் தேற வேண்டும். 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், ஒரு மூச்சுக்கு 2.5 லிட்டர், நிமிடத்துக்கு 25 மூச்சு, ஆக 62.5 லிட்டர் இழுக்கிற இயந்திரத்தில் மாட்டுவார்கள். சிலிண்டர் பக்கம் 50 பார்தான் கொடுப்பார்கள். இந்த நிலையில் மூச்சை இழுத்து விடும் உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலைத் தாண்டக் கூடாது. குளிர்நீர்ச் சோதனை 4 டிகிரியில், அல்லது அதற்கும் குளிரான நீரில். அதோடு இது ஐரோப்பிய விதி 2016/425இன்படி மூன்றாம் வகைப் பாதுகாப்புக் கருவி. வெளி ஆய்வகம் ஒன்று மாதிரியைச் சோதித்துச் சான்று தர வேண்டும், அந்தச் சான்றின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு, நடுவில் உற்பத்தியையும் தொடர்ந்து பார்வையிடுவார்கள். ஒருமுறை கட்டி முடிகிற கட்டணம் இல்லை.

உதாரணக் கணக்கு (எண்கள் கற்பனை, விகிதத்தைப் பாருங்கள்): அச்சு, வடிவமைப்பு, சோதனை, சான்று எல்லாம் சேர்த்து 1 கோடி ரூபாய் என்று வைப்போம். 3000 ரெகுலேட்டர் விற்றால் ஒன்றின் தலையில் 3333 ரூபாய். 3 லட்சம் விற்றால் 33 ரூபாய். அந்த 3333இன் மேல் தயாரிப்பாளர் லாபம், இறக்குமதியாளர் லாபம், கடை லாபம் என்று சதவீதம் சதவீதமாக ஏறும்போது வாங்குபவர் கைக்கு வருகையில் அது 7000, 8000 ஆகிவிடும். பித்தளையின் விலை இதில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

#3 கடற்காகம்

சான்று, சோதனை எல்லாம் சரி. ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விற்கிறார்களே? போல்ட் ஸ்னாப் கொக்கிக்கு எந்த இஎன் சோதனை? 316 ஸ்டெயின்லெஸ் கொக்கி, கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு விலை. "டெக்" (ஆழமான, தொழில்நுட்ப டைவிங்குக்கு) என்று அட்டை ஒட்டித் தொங்கவிட்டால் மூன்று மடங்கு.

பேக்பிளேட்டும், அதாவது சிலிண்டரை முதுகில் தாங்கும் தகடும், அப்படித்தான். 3 மில்லிமீட்டர் தகடு, ஐந்தாறு வெட்டு, இரண்டு மடிப்பு. நடுவில் விங் (மிதப்புக்கான காற்றுப்பை) மாட்டுகிற துளைகளின் மையத்துக்கு மையம் 11 அங்குலம், அதாவது 279 மில்லிமீட்டர். இந்த அளவு எல்லா பிராண்டுக்கும் ஒன்று. லேசர் கட்டிங் பட்டறை எதுவும் செய்து தரும். கவனிக்க வேண்டியது மூன்றே: 316 தர எஃகு கேளுங்கள், 304 உப்புநீரில் துருப்புள்ளி வைக்கும், பட்டை நுழைகிற துவாரங்களின் ஓரத்தை உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 2 அங்குல நைலான் பட்டையை ரம்பம் மாதிரி அறுத்துவிடும், மடிப்புக் கோணத்தை ஏற்கெனவே இருக்கிற ஒரு பிளேட்டைப் பார்த்து வையுங்கள். இதற்கு 150 டாலர் கொடுப்பது அவரவர் இஷ்டம்.

#4 மில்லிவோல்ட்

செல் விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியே அதில்தான் தொடங்கியது.

மருத்துவமனை வென்டிலேட்டரில் இருக்கிற செல்லும் இதே வேதியியல்தான். ஆக்சிஜன் சவ்வு வழியே உள்ளே போகிறது, ஈயம் கரைகிறது, மின்னோட்டம் வருகிறது. அளவு ஆக்சிஜனின் பகுதியழுத்தத்துக்கு (கலவையின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) நேர்விகிதம். வென்டிலேட்டருக்கு 1 பார் வரை சரியாகச் சொன்னால் போதும். ரீபிரீதருக்கு 1.6 வரை, பாதுகாப்புக்கு அதற்கு மேலும், நேர்கோடு வளையாமல் இருக்க வேண்டும். சவ்வின்மேல் எந்நேரமும் வியர்த்த ஈரம். நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தம் மாறும், அப்போது முன்னும் பின்னும் அழுத்தம் சமமாக வேண்டும். கரைசலுக்குள் குமிழி மாட்டிக்கொண்டால் அளவு குதிக்கும். பின்பலகையில் இருக்கிற தெர்மிஸ்டர் சுற்று வெப்பநிலையை ஈடுகட்ட வேண்டும். செய்து முடித்தபின் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு தலைவலி உண்டு, அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. செல் கிடங்கில் தூங்காது. தொழிற்சாலையை விட்டு வரும்போதே வயதாக ஆரம்பித்துவிடும். காற்றுப்புகா உறை அதை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆறு மாதம் விற்காமல் கிடந்ததை விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார். அப்படிக் கழிகிறவற்றின் விலை விற்கிறவற்றின் தலையில்தான் ஏறும். கடைக்காரர் ஐந்து ஐந்தாக விமானத்தில் வரவழைப்பதும் அதனால்தான்.

ஆனாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். காரணம் இதுதான்: செல் வயதாகும்போது சாகிற விதம் மோசமானது. ஒரேயடியாக நின்றுபோனால் பரவாயில்லை, திரையில் தெரியும். ஈயம் தீரத் தீர, ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டம் தர முடியாமல் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். தரையில் எல்லாம் சரியாகக் காட்டும். நீரில், கருவியை 1.3 பார் ஆக்சிஜனில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். செல் 1.2க்கு மேல் காட்ட முடியாத நிலை. கருவி "இன்னும் போதவில்லை" என்று நினைத்து சொலினாய்டை (மின்வால்வை) திறந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். உண்மையில் 1.6, 1.8, 2 என்று ஏறும். அடுத்தது, ஆக்சிஜன் மிகுந்ததால் வலிப்பு.

"அதற்குத்தானே மூன்று செல், பெரும்பான்மை வாக்கு?" என்பார்கள். மூன்றும் ஒரே நாளில் ஒரே தொகுதியில் வாங்கியவை என்றால் இரண்டு ஒன்றாகவே முட்டிக்கொள்ளும். அந்த இரண்டும் சேர்ந்து நல்ல செல்லைத் தோற்கடிக்கும். ஆகவே ஒரே தடவையில் மூன்றையும் வாங்காமல், 4 மாதத்துக்கு ஒன்று என்று முறைவைத்து மாற்றுங்கள். செலவும் பரவிக்கொள்ளும்.

சோதனை இப்படி. காற்றில் வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். புதுச் செல் பெரும்பாலும் 8 முதல் 13க்குள் காட்டும். 10.0 காட்டுகிறது என்றால், கடல் மட்டத்தில் தூய ஆக்சிஜனில் 10.0ஐ 0.209ஆல் வகுத்த 47.8ஐ ஒட்டி வர வேண்டும். 44, 45 என்று நின்றால் அதை நம்பாதீர்கள். வகுக்கும்போது கைக்கால்குலேட்டர் போதும், ஆனால் ஆக்சிஜன் ஓட்டத்தில் செல்லை அழுத்தம் ஏறாதபடி வையுங்கள், இல்லையென்றால் கெட்டதும் நல்லதுபோலக் காட்டும். அடுத்தது 1க்கு மேலான சோதனை: சின்ன அழுத்தக்கலத்தில் தூய ஆக்சிஜனில் வைத்து மொத்த அழுத்தத்தை 1.6 பாருக்கு ஏற்றினால் 76.5 காட்ட வேண்டும். கலம் இல்லாதவர்கள் 6 மீட்டரில் தூய ஆக்சிஜனால் மூச்சுச் சுற்றைக் கழுவிவிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே உண்மை அளவு 1.6தான். அதற்கு முறையான பயிற்சி வேண்டும், கூடவே ஆள் வேண்டும்.

#5 ஆழி35

ஈயம் இல்லாத செல் வந்துவிட்டதே, ஒளியை வைத்து அளப்பது?

#6 மில்லிவோல்ட்

வந்தது. சுவீடனின் பொசைடன் தன் ரீபிரீதர்களுக்குக் கொண்டுவந்தது. ஒரு சாயத்தின்மேல் ஒளி விட்டு, அது மங்கும் வேகத்தில் ஆக்சிஜனை அளக்கிறது. கரைந்து தீர்கிற பொருள் இல்லை, அதனால் ஆயுள் பல ஆண்டு. விலை ஈயச் செல்லைப்போலப் பல மடங்கு. மற்ற கருவிகளில் அப்படியே மாட்ட முடியாது. மின்னணுவும் மென்பொருளும் அதற்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதிய பிறகு ரீபிரீதருக்கான இஎன் 14143 சோதனை மறுபடியும். ரீபிரீதரில் எதைத் தொட்டாலும் சோதனைக் கட்டணம் கூடவே வரும்.

#7 ஹீலியம்கணக்கு

ரீபிரீதர் விலையைத் தனியாக வைத்துப் பார்த்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வாயுச் செலவோடு சேர்த்துப் பாருங்கள்.

18/45 டிரைமிக்ஸ், அதாவது 18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன். இரட்டை 12 லிட்டர் சிலிண்டரில் 230 பார் நிரப்ப மொத்தம் 5520 லிட்டர், அதில் ஹீலியம் 2484 லிட்டர். 60 மீட்டரில் 7 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறவர் அங்கே 140 லிட்டர் காலி செய்வார், அத்தனையும் குமிழியாகக் கடலுக்கு.

ரீபிரீதரில் உடம்பு எரிக்கிற ஆக்சிஜன் மட்டும்தான் செலவு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர், ஆழம் எதுவானாலும். கலப்பு வாயு 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 600 லிட்டர், ஹீலியம் 270. அதுவும் முழுக்கத் தீராது. உங்கள் ஊரில் ஹீலியம் லிட்டர் என்ன விலையோ அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நிரப்புக்கு 2200 லிட்டர் வித்தியாசம்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவசரத்துக்கு வெளிச்சிலிண்டரில் அதே மாதிரிக் கலவை சுமந்துதான் போக வேண்டும், அதுவும் பணம். கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணக் குறுமணி ஒரு நிரப்புக்கு 2.5 கிலோ அளவில். மேலே சொன்ன செல். பயிற்சிக் கட்டணம். 30 மீட்டருக்குள் காற்றிலும் நைட்ராக்ஸிலும் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) இறங்குகிறவருக்கு ரீபிரீதர் எந்தக் கணக்கிலும் கட்டாது. 60 மீட்டரில் அடிக்கடி வேலை இருப்பவருக்குக் கட்டும்.

#8 கடற்காகம்

சர்வீஸைப் பற்றி யாரும் பேசவில்லை. கொள்ளை அங்கேதான்.

ஓ-ரிங் என்பது உலகம் முழுக்க ஒரே அளவுப்பட்டியல். ஒன்று சில ரூபாய். அதே எட்டு ஓ-ரிங், ஒரு சீட், ஒரு வடிகட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு "கிட்" என்று பெயர் வைத்தால் 40 டாலர். அதையும் அங்கீகரிக்கப்பட்ட ஆளுக்குத்தான் கொடுப்போம் என்கிற நிறுவனங்கள் பல.

#9 வால்வுசாவி

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஓ-ரிங்குக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் உயரழுத்த சீட் அந்த மாடலுக்கென்று வார்த்தது, வெளியே கிடைக்காது. கிட்டின் விலை முக்கால்வாசி அதற்குத்தான். மற்றபடி உதிரிபாகத்தைப் பூட்டிவைப்பது பாதுகாப்புக்காக என்று சொல்வது எனக்கும் ஏற்புடையதல்ல. வாங்கும் முன் "கிட் தனியாக விற்பீர்களா?" என்று கேட்டு, விற்கிற பிராண்டை வாங்குவதே வழி.

சர்வீஸ் கூலி எதற்கு என்று தெரிய, ஒழுங்கான சர்வீஸ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பிரிப்பதற்கு முன்பே இடையழுத்தமும் இரண்டாம் நிலை திறக்கும் அழுத்தமும் அளந்து எழுதுவார். பிரித்து, உலோகப் பாகங்களை மென்னமிலக் கரைசலில் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவார். அதிக நேரம் விட்டால் குரோம் உரியும், அதனால் நிமிடக் கணக்குதான். 10 மடங்கு லென்ஸில் விளிம்பைப் பார்ப்பார். ஓ-ரிங்கைப் பித்தளை ஊசியாலோ பிளாஸ்டிக்காலோ எடுக்க வேண்டும். எஃகு ஊசி பள்ளத்தைக் கீறினால் அந்த உடல் போச்சு. ஆக்சிஜன் அதிகமுள்ள வாயுவுக்கு என்றால் சிலிகான் கிரீஸ் கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜனுக்கான புளோரின் வகை கிரீஸ், அது ஒரு சின்னக் குழாயே விலை அதிகம். டைட்டானியம் முதல் நிலையை அதிக ஆக்சிஜனுக்குப் பயன்படுத்தவே கூடாது என்பதும் இதே தீப்பயம்தான், கூடுதல் விலை கொடுத்து டைட்டானியம் வாங்கத் துடிப்பவர்கள் கவனிக்க. பூட்டிய பின் இருபது முப்பது தடவை காற்றை விட்டு சீட்டைப் படியவைத்து, இடையழுத்தத்தைச் சரிசெய்து, 10 நிமிடம் முள்ளை வேடிக்கை பார்ப்பார். இதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

#10 உப்புக்காற்று

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அடுக்கு. சுங்கத்தில் தீர்வை போடுவது சாமானின் விலைக்கு மட்டும் இல்லை. சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு. அதன்மேல் சமூகநலக் கூடுதல் தீர்வை. இத்தனையும் சேர்ந்த தொகையின்மேல் ஜிஎஸ்டி. 20 டாலர் சீட் ஒன்றுக்கு 35 டாலர் விமானக் கூரியர் கட்டினால், வரிக்குச் சேர்வது சாமான் விலையில் 20 சதவீதம், அதாவது 4 டாலர் வரைதான்; ஆனாலும் அந்த 35 கையைக் கடிக்கும். சின்ன உதிரிபாகங்களை நாலைந்து பேர் சேர்ந்து வரவழைப்பது இதற்காகத்தான்.

வெளிநாட்டுக்கு சர்வீஸ் அனுப்பினால், போகும்போதே ஏற்றுமதி ஆவணத்தில் வரிசை எண்ணை எழுதவையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதுச் சாமான் என்று தீர்வை கேட்பார்கள்.

சிலிண்டரை வெளியே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் யோசனையை விட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்கீழ் பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வேண்டும். பழைய அலுமினிய சிலிண்டர் மலிவாக வருகிறது என்றால் கழுத்தில் உலோகக்கலவையைப் பாருங்கள். 6351 என்றால் வேண்டாம். நிரந்தர அழுத்தத்தில் கழுத்துப்பகுதி விரிசல் விடுகிற கலவை அது. லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988இல் அதை விட்டுவிட்டு 6061க்கு மாறியது.

#11 ஆழி35

அப்படியானால் வெப்பக்கடலில் இறங்குகிறவர் எதைத் தவிர்த்துச் சேமிக்கலாம்?

#12 வால்வுசாவி

ரெகுலேட்டர் மேலேயே எழுதியிருக்கும். 10 டிகிரிக்கு மேல் என்று குறி இருந்தால் குளிர்நீருக்குச் சான்று இல்லை என்று அர்த்தம். மன்னார் வளைகுடாவிலோ அந்தமானிலோ அது குறையே இல்லை. உறைபனிக்கான கூடுதல் தகடுகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் முன்பக்கம் மூடிய டயாபிரம் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். கலங்கல் நீரில் மணலும் உப்பும் ஸ்பிரிங் அறைக்குள் போகாது. பிஸ்டன் வகை என்றால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்தே ஆக வேண்டும்.

#13 கடற்காகம்

டார்ச் விலை இறங்கிவிட்டது, அதில் ஏமாறாதீர்கள். இடுப்பில் பேட்டரி டப்பா, ஒயர், ஹெச்ஐடி பல்பு என்று இருந்த காலத்து விலையை எல்இடிக்கும் கேட்பவர்கள் இன்னும் உண்டு. டைவ் கணினியிலும் கணிப்பு முறைக்கு விலை இல்லை. பூல்மானின் 16 திசுக்கணக்கு (உடலில் வாயு சேர்ந்து வெளியேறுவதைக் கணிப்பது) பொதுவில் வெளியானது. நீங்கள் கொடுப்பது திரைக்கும், அழுத்த உணரிக்கும், மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கிற ஆட்களுக்கும்.

ஹோஸில் மட்டும் பின்னல் வகைக்கு ஆசைப்பட்டு மலிவைத் தேடாதீர்கள். உள்ளே பாலியூரித்தேன் குழாய் உள்ள சில பின்னல் ஹோஸ்களில், வெப்பமும் ஈரமும் சேர்ந்து உட்சுவர் சிதைந்து மஞ்சள் நிறப் படிகம் சேர்ந்து காற்றையே அடைத்திருக்கிறது; டான் என்கிற டைவர் பாதுகாப்பு அமைப்பு இதைப்பற்றி எச்சரித்தது. வெயிலில் வண்டிக்குள் கிடக்கிற நம்மூர் சாமானுக்கு இது பொருந்தும். ரப்பர் ஹோஸ் போதும். திருகு அளவும் பொது: முதல் நிலையின் தாழ்வழுத்தத் துளை 3/8-24, இரண்டாம் நிலைப் பக்கம் 9/16-18, உயரழுத்தத் துளை 7/16-20. எந்த பிராண்டு ஹோஸும் பெரும்பாலும் சேரும்.

#14 ஆழி35

கடைசியாக, பழைய ரெகுலேட்டர் வாங்கினால் பாதி விலை. வாங்கும் இடத்திலேயே எதையெல்லாம் பார்ப்பது?

#15 வால்வுசாவி

முதலில் சிலிண்டரில் மாட்டாமலே, முதல் நிலையின் மூடியைப் போட்டுக்கொண்டு வாயால் இழுங்கள். இரண்டு மூன்று நொடி இறுக்கமாக நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் காற்று வந்தால் டயாபிரமோ வெளிமூச்சு வால்வோ ஒழுகுகிறது. அது சின்னச் செலவு.

மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள். சாம்பல் நிறம் சரி. பச்சை என்றால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் எஃகு சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்பிரசர் வடிகட்டியின் கரித்தூள். பச்சைக்கு விலையில் பாதியைக் குறையுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு சிலிண்டரில் மாட்டி, விங்குக்குப் போகும் ஹோஸில் இடையழுத்த மானியைச் செருகுங்கள். 15, 20 டாலர் சாமான், சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலையை நாலைந்து தடவை அழுத்திவிட்டு முள் எங்கே நிற்கிறது, 10 நிமிடத்தில் நகர்கிறதா என்று பாருங்கள். 0.3 பாருக்கு மேல் ஏறினால் சீட் அல்லது விளிம்பு. சீட் என்றால் கிட் விலை. விளிம்பு என்றால், மாற்றக்கூடிய விளிம்பு உள்ள மாடலா என்று கேளுங்கள். உடலோடு சேர்ந்த விளிம்பு என்றால் முதல் நிலையே போச்சு.

கடைசியில் ஒரு பேசின் தண்ணீர். இரண்டாம் நிலையை வாய்ப்பகுதி மேலே இருக்க மெல்ல அமிழ்த்துங்கள். டயாபிரம் 2.5 முதல் 3.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது உஸ்ஸென்று காற்று வர வேண்டும். 5க்கு மேல் போயும் வரவில்லை என்றால் சரிசெய்யாமல் கிடந்தது. தொட்டவுடனேயே வந்தால் மேலே சொன்ன இடையழுத்தத்தை மறுபடி பாருங்கள்.

இதெல்லாம் தேறினாலும், அந்த மாடலுக்குக் கிட் இன்னும் வருகிறதா என்று உறுதிசெய்த பிறகு பணத்தை எடுங்கள். கிட் நின்றுபோன மாடல் இனாமாக வந்தாலும் வேண்டாம்.